மஞ்சள் காமாலைக்கு கீழாநெல்லி: கையில் இருப்பது சரியான செடிதானா? அடையாளம் முதல் சாகுபடி வரை

ரெண்டு மழை விழுந்தால் போதும். சோழவரம் ஏரிக்கரை, காரனோடை பக்கத்து வயல் வரப்பு, வேலி போட்டுச் சும்மா கிடக்கும் வீட்டு மனை என எங்கே பார்த்தாலும் கீழாநெல்லி முளைத்துவிடும். யாரும் விதைப்பதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளாகத் தெரிந்தால் மட்டும் எல்லோருக்கும் அந்தச் செடி ஞாபகம் வரும். ஒரு கைப்பிடி பறித்து, வேரோடு அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பது வடதமிழகத்தில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற வைத்தியம். எல்லை தாண்டி ஆந்திராவுக்குள் போனால் இதே செடிக்கு 'நேல உசிரி' என்று பெயர். வைத்தியம் கிட்டத்தட்ட அதேதான்.

இதில் சிக்கல் வரும் இடங்கள் மூன்று. பறித்தது கீழாநெல்லிதானா? பறித்த இடம் சுத்தமானதா? வந்திருப்பது கீழாநெல்லிக்குக் காத்திருக்கக்கூடிய காமாலையா? மூன்றில் எது தவறினாலும் பாதிப்பு நோயாளிக்குத்தான். சோழவரம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி போல வயலும் தொழிற்சாலையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதே இல்லை.

பெயரிலேயே இருக்கும் அடையாளம்

கீழ்க்காய் நெல்லி, கீழ்வாய் நெல்லி, கீழாநெல்லி. மூன்றும் ஒரே செடியின் பெயர்கள்தான். இலைக்குக் கீழே நெல்லிக்காய் போலவே குட்டிக் குட்டியாகக் காய் தொங்கும். பெயர் வைத்தவர் செடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறார். இன்றைக்கும் முதல் சோதனை அதுதான்: கிளையைத் திருப்பிப் பாருங்கள். வரிசையாகக் கடுகு அளவுக் காய்கள் சின்னக் காம்பில் தொங்கினால் பாதி வேலை முடிந்தது.

பாதிதான். ஏனென்றால் இலைக்குக் கீழே காய் தொங்கும் செடி இது ஒன்று மட்டுமல்ல.

தாவரவியலில் கீழாநெல்லியின் பெயர் ஃபில்லாந்தஸ் அமரஸ். அமரஸ் என்றால் லத்தீனில் கசப்பு. பழைய புத்தகங்களிலும் பல மருந்து லேபிள்களிலும் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று போட்டிருப்பார்கள். அது உண்மையில் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் பெயர். இந்தியாவில் நிரூரி என்று எழுதப்பட்டதில் பெரும்பகுதி அமரஸ்தான் என்பது பின்னாளில் தெளிவானது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமரஸும்கூட வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய செடிதான் என்று தாவரவியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் பழைய ஏடுகளில் வரும் கீழாநெல்லியும் இன்றைக்கு வரப்பில் நிற்கும் கீழாநெல்லியும் ஒன்றுதானா என்ற கேள்வி எழுகிறது. தமிழ் படித்தவர்களும் தாவரவியல் படித்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது.

சரி, செடிக்கு வருவோம். கீழாநெல்லி ஓராண்டுச் செடி. ஒன்று முதல் இரண்டு அடி உயரம் வரை நேராக வளரும். தண்டு வழவழப்பாக, பச்சையாக இருக்கும். பக்கக் கிளை ஒவ்வொன்றும் புளிய இலை போலத் தெரியும். கிளையின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலைகள், அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், நுனி மழுங்கி இருக்கும். பொழுது சாய்ந்தால் இலைகள் மடிந்துகொள்ளும். அதனால் இருட்டிய பிறகு டார்ச் அடித்துத் தேடினால் செடி வேறு மாதிரி தெரியும். பகலில் பாருங்கள்.

கவனிக்க வேண்டிய முதல் விஷயம் நடுத்தண்டு. வளர்ந்த கீழாநெல்லியின் நடுத்தண்டில் நேரடியாக இலை இருக்காது. இலைகள் எல்லாம் பக்கக் கிளைகளில்தான். நடுத்தண்டிலேயே இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தால், அதுவும் இலையின் அடி குறுகி நுனி அகன்று ஆப்பு போல இருந்தால், அது பெரும்பாலும் மேலாநெல்லி. அதன் தாவரவியல் பெயர் ஃபில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ். மதராஸப்பட்டினத்துச் செடி என்று பொருள். ஊர்ப் பெயர் வாங்கியது மேலாநெல்லி, பெயர் வாங்கிக்கொண்டது கீழாநெல்லி!

அடுத்து நிறம். கிளையில் சிவப்போ ஊதாவோ ஓடியிருந்தால், காய்க்குக் காம்பே இல்லாமல் கிளையோடு ஒட்டியிருந்தால், காயின் மேல்தோல் சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி. தாவரவியலில் ஃபில்லாந்தஸ் யூரினேரியா. சரியான கீழாநெல்லியின் காய் வழவழப்பாக இருக்கும், காம்பில் தொங்கும்.

இந்த இரண்டையும் கண்ணாலேயே பிரித்துவிடலாம். உண்மையான குழப்பம் ஃபில்லாந்தஸ் ஃப்ரேடெர்னஸ், ஃபில்லாந்தஸ் டெபிலிஸ் என்ற இரண்டு பங்காளிகளோடு. உயரம், இலை, காய் எல்லாமே ஏறத்தாழ ஒன்றுதான். பூவைத்தான் பார்க்க வேண்டும். பூ கடுகைவிடச் சின்னது என்பதால் பூதக்கண்ணாடி வேண்டும், அல்லது செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கீழாநெல்லிப் பூவுக்கு ஐந்து இதழ். மற்ற இரண்டுக்கும் பொதுவாக ஆறு. இன்னொரு அடையாளம், கீழாநெல்லிக் கிளையின் மேல்பகுதியில் ஒவ்வொரு இலையின் இடுக்கிலும் ஓர் ஆண் பூவும் ஒரு பெண் பூவும் ஜோடியாக இருக்கும்.

செடியைக் கிள்ளினால் பால் வருகிறதா? அப்படியென்றால் அது கீழாநெல்லி இல்லை, யோசிக்காமல் கீழே போட்டுவிடலாம். அம்மான் பச்சரிசியும் அதன் சொந்தங்களும் அதே வரப்பில்தான் முளைக்கின்றன. மென்று பார்த்துக் கசந்தால் கீழாநெல்லி என்று சிலர் சொல்வார்கள். கசக்கும் செடி ஆயிரம் இருக்கிறது. தெரியாத செடியை வாயில் வைத்துப் பார்ப்பது அடையாளம் காணும் முறையே அல்ல.

கடையில் வாங்கினால் சரியாக இருக்குமா?

பெரும்பாலும் சரியாக இருக்கும், எப்போதும் அல்ல. கேரளா, தமிழ்நாடு, கர்நாடகா மாநிலங்களில் 25 நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கிய சரக்கை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்த முடிவுகள் 2010-ல் வெளியாயின. 76 சதவீத மாதிரிகளில் கலப்படம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, கிட்டத்தட்ட முழுக்க ஃபில்லாந்தஸ் அமரஸ். மீதி 24 சதவீதத்தில் டெபிலிஸ், ஃப்ரேடெர்னஸ், யூரினேரியா, மதராஸ்பட்டென்சிஸ், கோழிக்கோடியானஸ் என ஐந்து வேறு இனங்கள் இருந்தன. நான்கில் ஒரு கடை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. கீழாநெல்லி பெரும்பாலும் தரிசிலும் வயலிலும் களையாக முளைத்ததைக் கூலிக்குப் பறித்து, காயவைத்து, கட்டுக்கட்டாக வருகிறது. காய்ந்த பிறகு இலையும் பூவும் உதிர்ந்து பொடியாகிவிடும். அந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்பதை அனுபவசாலிகூடக் கண்ணால் சொல்ல முடியாது.

மேலே சொன்ன ஐந்தும் விஷச் செடிகள் அல்ல என்பது ஒரு நிம்மதி. வேறு மூலிகைகளில் அந்த அதிர்ஷ்டம் எப்போதும் கிடைப்பதில்லை. மேலை நாடுகளில் பர்டாக் என்று ஒரு மூலிகை இருக்கிறது. நம் ஊர் மருளூமத்தை போலவே துணியில் ஒட்டிக்கொள்ளும் முள்காய் கொண்டது. ஜப்பானியர்கள் அதன் வேரைக் 'கோபோ' என்று காய்கறியாகவே சமைக்கிறார்கள். அமெரிக்காவில் கடையில் வாங்கிய பர்டாக் வேர்த் தேநீரைக் குடித்த ஒருவர் ஊமத்தை விஷம் ஏறியதைப் போன்ற அறிகுறிகளுடன் மருத்துவமனைக்குப் போனதாக 1978-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் பதிவு செய்தது. பர்டாக்கில் அந்த நச்சே கிடையாது. பாக்கெட்டுக்குள் அது எப்படி வந்தது என்பதுதான் பிரச்சினை. காய்ந்த வேரையோ பொடியையோ வாங்கும்போது லேபிளை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது என்பதற்காக இந்தக் கதை.

சோழவரத்தில் எங்கே பறிக்கக் கூடாது?

செடி சரியாகவே இருக்கட்டும். அது நிற்கிற மண் எப்படி?

சென்னை – கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை சோழவரத்தை ஒட்டிப் போகிறது. ராத்திரி பகல் பாராமல் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை. வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட், தெற்கே வந்தால் மணலி. உலோகம் உருக்கும் ஆலைகள், ரசாயன ஆலைகள், பழைய பேட்டரியும் இரும்பும் குவிந்து கிடக்கும் குடோன்கள் எல்லாம் இந்தப் பகுதியின் அன்றாடக் காட்சிகள். இப்படிப்பட்ட இடங்களை ஒட்டிய மண்ணில் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் சேர வாய்ப்பு அதிகம். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ம் ஆண்டோடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கு முன் சாலையோர மண்ணில் படிந்த ஈயம் மக்கிப் போகும் பொருள் அல்ல, அது அங்கேயே கிடக்கும்.

கீழாநெல்லியை வேரோடுதான் பயன்படுத்துகிறோம். அது குட்டையான செடி என்பதால் மழை தெறிக்கும்போது மண் முழுக்க இலையில் ஏறும். மேலே ஒட்டிய மண்ணைக் கழுவிவிடலாம். வேர் வழியாக உள்ளே போன உலோகம் கழுவினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது.

லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2005-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் முக்கியம். காட்மியம் கலந்த மண்ணில் கீழாநெல்லியை வளர்த்துப் பார்த்தார்கள். செடியின் வளர்ச்சி பாதிக்கப்பட்டது. ஆனால் குறிப்பிட்ட அளவுகளில் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற மருந்துச் சத்துகள் கூடின. அதாவது 'சத்து எவ்வளவு இருக்கிறது' என்று மட்டும் சோதித்தால் அந்தச் செடி நல்ல மார்க் வாங்கிவிடும். உள்ளே இருக்கும் காட்மியம் தெரியவே தெரியாது. மூலிகை மருந்துகளில் ஈயம் 10 பிபிஎம், காட்மியம் 0.3 பிபிஎம், ஆர்செனிக் 3 பிபிஎம், பாதரசம் 1 பிபிஎம் ஆகியவற்றைத் தாண்டக் கூடாது என்பது ஆயுஷ் விதிமுறை. மூலிகை நிறுவனங்களுக்கு அந்தச் சோதனை உண்டு. வரப்பில் பறித்து அம்மியில் அரைப்பதற்கு எந்தச் சோதனையும் இல்லை.

ஆகவே நெடுஞ்சாலை ஓரம், ரயில் பாதை ஓரம், ஆலைக் காம்பவுண்டை ஒட்டிய காலி இடம், கழிவுநீர்க் கால்வாய் கரை, குப்பை எரிக்கும் இடம் ஆகியவை வேண்டாம். களைக்கொல்லி அடித்த வயல் வரப்பும் வேண்டாம். நெல் வயலில் மருந்து அடித்தவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது என்பதால் கேட்டுவிட்டுப் பறிப்பது நல்லது. சோழவரம் ஏரிக்கரையும் விதிவிலக்கல்ல. 1,081 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட அந்த ஏரி சென்னைக்குக் குடிநீர் கொடுப்பதாலேயே அதன் கரை மண் சுத்தம் என்று அர்த்தமாகாது. கரை மேலே நடப்பவை வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. வயல் வரப்பில் எலி வளை இருக்கும். எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அந்த எலிக்காய்ச்சல் முற்றினால் வருவதும் மஞ்சள் காமாலைதான். ஏற்கெனவே கல்லீரல் களைத்துப் போயிருக்கும் நோயாளிக்கு, சரியாகக் கழுவாத பச்சைச் செடியைக் கொதிக்காத தண்ணீரில் அரைத்துக் கொடுப்பது எவ்வளவு சரி என்று யோசித்துப் பாருங்கள்.

கீழாநெல்லி காமாலையைக் குணப்படுத்துமா?

இந்தக் கேள்விக்கு உலகம் பதில் தேடத் தொடங்கியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் (பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்) தலைமையிலான குழு, ஹெபடைடிஸ் பி கிருமியை நீண்ட நாளாக உடலில் சுமப்பவர்களுக்கு உலர்த்திய கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தது. அந்தக் குழுவில் ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் இருந்தார். முடிவு 1988-ல் லான்செட் இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது.

உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு நடந்ததை நம் ஊரில் அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. தாய்லாந்தில் இதையே செய்து பார்த்த மருத்துவர்கள் பலன் இல்லை என்று 1990-ல் அதே லான்செட்டில் எழுதினார்கள். திடீரென வரும் வைரஸ் காமாலைக்குக் கேரளாவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1999-ல் வெளியானது. காமாலை நீடிக்கும் நாட்கள் குறிப்பிடும்படியாகக் குறையவில்லை. 2011-ல் காக்ரேன் அமைப்பு ஹெபடைடிஸ் பி தொடர்பான 16 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. அவற்றில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஒரே ஆய்விலும் வித்தியாசம் தெரியவில்லை. கிருமி எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகளின் தரம் போதாது என்றது காக்ரேன்.

முடிவுகள் ஏன் இப்படி முரண்பட்டன? செடியின் இனம், விளைந்த மண், பறித்த பருவம் எல்லாம் ஒரே மாதிரி இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விவாதித்தார்கள். அடையாளம் காண்பது ஏதோ தாவரவியல் மாணவர் விவகாரம் இல்லை என்பது இங்கே புரியும்.

அப்படியானால் 'எங்க மாமாவுக்குக் கீழாநெல்லியிலதான் சரியாச்சு' என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்களே? பொய் சொல்லவில்லை. தண்ணீர், உணவு வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நாட்களில் எதைச் சாப்பிட்டாலும் அதனால்தான் குணமானது என்று தோன்றும்.

காமாலை ஒரு நோய் அல்ல, பல நோய்களின் அறிகுறி

கண்ணும் தோலும் மஞ்சளாவதற்குப் பின்னால் ஹெபடைடிஸ் ஏ இருக்கலாம். ஈ, பி, சி இருக்கலாம். பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கலாம், புற்றுநோய்க் கட்டி அழுத்தலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், மது காரணமாக இருக்கலாம், சாப்பிட்ட மாத்திரையே காரணமாக இருக்கலாம். கல் அடைத்த குழாயைக் கீழாநெல்லி திறக்காது. எந்தக் காமாலை என்பதை ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும்தான் சொல்லும். கண்ணைப் பார்த்தோ நாடியைப் பார்த்தோ இதைப் பிரிக்க முடியாது.

கர்ப்பிணிகள் விஷயத்தில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைடிஸ் ஈ வந்தால் 20 முதல் 25 சதவீதம் பேர் வரை உயிரிழக்கும் ஆபத்து உண்டு என்கிறது உலக சுகாதார அமைப்பு. பேச்சு குழறுதல், அதிகத் தூக்கம், குழப்பம், ஈறிலோ மூக்கிலோ ரத்தம், நிற்காத வாந்தி, வயிறு வீங்குதல், மலம் வெள்ளையாகப் போதல், காய்ச்சலோடு கடும் வயிற்றுவலி – இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அரசு ஆஸ்பத்திரிதான். பிறந்த குழந்தையின் காமாலைக்கு வீட்டு வைத்தியமே கிடையாது.

ஹெபடைடிஸ் பி, சி-க்கு அரசு மருத்துவமனைகளில் இலவசப் பரிசோதனையும் மருந்தும் உண்டு. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-ல் தொடங்கியது. ஜூலை 28 என்பது புளும்பெர்க் பிறந்த நாள், உலக ஹெபடைடிஸ் தினமும் அதனால்தான் அன்றைக்கு. ஹெபடைடிஸ் சி இன்றைக்கு மாத்திரையிலேயே பெரும்பாலானோருக்கு முழுமையாகக் குணமாகிறது. பி-க்கு தடுப்பூசியே இருக்கிறது.

சித்த மருத்துவம் எடுக்க விரும்பினால் அதற்கும் முறையான இடம் இருக்கிறது. அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு. பறித்த செடியைக் கையில் கொண்டுபோய் 'இது கீழாநெல்லியா?' என்று கேட்கவும் அதுவே சரியான இடம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் கீழாநெல்லி எடுப்பதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், சர்க்கரை அளவு மேலும் இறங்க வாய்ப்பு உண்டு.

சாகுபடி செய்ய முடியுமா?

முடியும். களையாக முளைப்பதைக் காசு கொடுத்து ஏன் பயிரிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மேலே சொன்ன கடைக் கணக்கே பதில். இன்ன இனம், இன்ன மண், இன்ன தேதியில் அறுத்தது என்று சொல்லக்கூடிய சரக்கைக் காட்டிலிருந்தும் தரிசிலிருந்தும் கொண்டுவர முடியாது. வயலிலிருந்து கொண்டுவரலாம்.

லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் (சிமாப்) 'நவ்யாக்ருத்' என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. விதை மிக நுண்ணியது. ஒரு ஹெக்டேருக்கு ஒரு கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 400 கிராம் போதும். மணலோடு கலந்து ஏப்ரல், மே மாதங்களில் நாற்றங்காலில் தூவ வேண்டும். ஆழமாக மண் போட்டு மூடினால் முளைக்காது. பூவாளியால்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும், வாய்க்கால் தண்ணீரைத் திறந்துவிட்டால் விதை முழுக்க ஒரு மூலைக்குப் போய்விடும். நாற்று அரை அடி வந்ததும் வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம். அடியுரமாக ஏக்கருக்கு 4 டன்னுக்குக் குறையாமல் மக்கிய தொழுவுரம். நட்டவுடன் ஒரு தண்ணீர், பிறகு மழையைப் பார்த்து.

திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளுக்குச் சொர்ணவாரிப் பட்டம் என்றால் உடனே புரியும். ஏறத்தாழ அதே காலம்தான் இதற்கும். நட்டதிலிருந்து மூன்று மாதத்துக்குள் அறுவடை, அதுவும் செப்டம்பர் முடிவதற்குள். இந்தக் கெடுவை விடவே கூடாது. ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் சோழவரம் பக்கம் கீழாநெல்லியைக் காயவைக்க வழியே இல்லை, பூஞ்சை பிடித்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் சாம்பல் நோய் வரலாம். அறுவடை நெருங்கும்போது மருந்து அடித்தால் அது நேராக நோயாளியின் வயிற்றுக்குப் போகும் என்பதால், நெருக்கம் குறைத்துக் காற்றோட்டம் கொடுத்துச் சமாளிப்பதே நல்லது.

செடி பச்சையாக, இலை உதிராமல் இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும். அலசி, நிழலில் பரப்பி, அடிக்கடி புரட்டிவிட வேண்டும். தார்ச்சாலையில் காயப்போடும் பழக்கம் இதற்கு ஆகவே ஆகாது, அவ்வளவு தூரம் சுத்தமாக வளர்த்ததெல்லாம் வீண். சாகுபடிக் கையேடுகள் சொல்லும் மகசூல் ஹெக்டேருக்குப் பச்சையாக 17.5 டன், காய்ந்தது 1.75 டன். ஏக்கருக்கு உலர்ந்த செடி 700 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணையும் கவனிப்பையும் பொறுத்து இது கூடும், குறையும்.

இனி கசப்பான பகுதி. மேலே சொன்ன இடைவெளியில் ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 2.7 லட்சம் நாற்று வேண்டும். அத்தனையும் கையால் நட வேண்டும். ஆலை வேலைக்குக் காலையில் கம்பெனி பஸ் வந்து ஆட்களை ஏற்றிப் போகும் ஊரில், நடவுக்கும் களைக்கும் கூலி ஆள் பிடிப்பது சுலபமல்ல. நேரடியாக விதைத்தால் நடவுக் கூலி மிச்சம். ஆனால் அதே மாதிரி தெரியும் பங்காளிச் செடிகளும் கூடவே முளைத்துவிடும், அவற்றைப் பிரித்துக் களையெடுக்கத் தெரிந்த கண் வேண்டும். போதாததற்கு, தரிசிலிருந்து சும்மா பறித்துவரும் சரக்கோடு விலையில் போட்டி போட வேண்டும். வாங்குபவர் யார், என்ன விலை, எவ்வளவு ஈரப்பதம் வரை ஏற்பார் என்பதை எழுத்தில் பேசி முடிக்காமல் முழு ஏக்கரில் இறங்குவது சூதாட்டம். பத்து சென்டில் ஒரு பட்டம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். நிலம் ஆலைக்கோ நெடுஞ்சாலைக்கோ பக்கத்தில் இருந்தால், விதை வாங்குவதற்கு முன்பே மண்ணையும் பாசனத் தண்ணீரையும் கன உலோகப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். வழக்கமான மண் பரிசோதனை அட்டையில் ஈயமும் காட்மியமும் வராது, தனியாகக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றால் இவ்வளவும் வேண்டாம். அடையாளம் உறுதியான ஒரு முதிர்ந்த செடியைக் காகிதத்தின் மேல் ஒரு நாள் வைத்தால் காய்கள் தானாக வெடித்து விதை கொட்டும். சுத்தமான செம்மண்ணும் மக்கிய உரமும் கலந்த தொட்டியில் அதை மேலாகத் தூவிவிட்டால் போதும். ஒரு முறை முளைத்துவிட்டால் அடுத்த முறை நீங்கள் தூவ வேண்டிய அவசியமே இருக்காது, பக்கத்துத் தொட்டி ரோஜாவுக்கு அடியிலும் அதுதான் நிற்கும்.